வியன்னாவில் சிம்பொனி கச்சேரிக்கு டிக்கெட் வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியன்னாவுக்கு வருகிறோம், ஒரு நல்ல சிம்பொனி கச்சேரி கேட்டுவிட்டுத்தான் ஊர் திரும்ப வேண்டும், டிக்கெட் எங்கே வாங்குவது என்று நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறிய பிறகு, இதுவரை மேற்கத்திய இசைப் பக்கம் போகாதவர்களும் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் இந்த ஊரில் நல்ல கச்சேரிக்கு டிக்கெட் கிடைப்பது எவ்வளவு சுலபமோ, தப்பான கச்சேரிக்கு வாங்கிவிடுவதும் அவ்வளவு சுலபம். அதனால் தப்பான கச்சேரி பற்றிய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

தெருவில் மோட்சார்ட் வேஷம் போட்டவர்கள் டிக்கெட் விற்கிறார்கள். வாங்கலாமா?

ஸ்டெஃபான் தேவாலயத்தின் முன்னாலும் அரசு ஓபரா (இசை நாடக) அரங்கின் பக்கத்திலும் இவர்களைப் பார்க்காமல் நீங்கள் தாண்டவே முடியாது. சிவப்பு நிற நீளக் கோட்டு, வெள்ளை விக், கையில் ஒரு ஃபைல். ஃபைலைத் திறந்தால் தங்கம் இழைத்த ஒரு மண்டபத்தின் படம் இருக்கும். எந்த நாடு என்று கேட்பார்கள், இந்தியா என்றதும் நமஸ்தே சொல்வார்கள். இன்று இரவே கச்சேரி, கடைசி சில இடங்கள்தான் பாக்கி என்பார்கள்.

இவர்கள் விற்பது போலி டிக்கெட் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல மாட்டேன். கச்சேரி நடக்கும். சில சமயம் படத்தில் காட்டிய அதே மண்டபத்திலேயேகூட நடக்கும். ஆனால் அது சுற்றுலாப் பயணிகளுக்காகவே நடத்தப்படும் நிகழ்ச்சி. மோட்சார்ட், ஸ்ட்ராவுஸ் ஆகிய இசையமைப்பாளர்களின் எல்லோருக்கும் தெரிந்த துண்டுகளைக் கோத்து வாசிப்பார்கள். முழு சிம்பொனி, முதல் அசைவிலிருந்து (பகுதியிலிருந்து) கடைசி அசைவு வரை, பெரும்பாலும் இருக்காது. மாலைப் பொழுதை இனிமையாகக் கழிக்க வேண்டும் என்றால் தாராளமாகப் போகலாம். சிம்பொனி இசைக்குழுவைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். அதே பணத்துக்கு, பல நேரம் அதைவிடக் குறைந்த பணத்துக்கே, அசல் கிடைக்கிறது.

அப்படியானால் யாருடைய கச்சேரிக்கு வாங்க வேண்டும்?

மண்டபத்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், வாசிப்பது யார் என்று பாருங்கள். இதைவிட முக்கியமான ஒன்று இந்தப் பக்கத்தில் இல்லை.

முதலாவது வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு. 1842-ல் தொடங்கியது. இதன் கலைஞர்கள் எல்லோரும் அரசு ஓபராவின் இசைக்குழுவில் வேலை செய்பவர்கள். இரவில் ஓபராவுக்கு வாசித்துவிட்டு, தாங்களே நடத்தும் அமைப்பாகச் சேர்ந்து கச்சேரியும் செய்கிறார்கள். 1933-க்குப் பிறகு இவர்களுக்கு நிரந்தர நடத்துநரே (மேடையில் நின்று கையசைத்து இசைக்குழுவை வழிநடத்துபவர்) கிடையாது. யாரை அழைப்பது என்று கலைஞர்களே முடிவு செய்கிறார்கள். இவர்கள் வைத்திருக்கும் கொம்பும் ஓபோ என்ற ஊதுகுழலும்கூட மற்ற நாட்டு இசைக்குழுக்களில் பார்க்கும் வகை அல்ல. அந்த நாதத்தைக் கேட்கத்தான் உலகம் இங்கே வருகிறது.

இரண்டாவது வியன்னா சிம்பொனி இசைக்குழு. 1900-ல் தொடங்கியது. இந்த ஊரின் அன்றாடக் கச்சேரி வாழ்க்கையைத் தூக்கிச் சுமப்பது இவர்கள்தான் என்பேன். 2024-லிருந்து பெட்ர் போபெல்கா தலைமை நடத்துநர். முதல் முறை வருபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இவர்களைத்தான். டிக்கெட் கிடைக்கும், விலை தாங்கும், வாசிப்பு முதல் தரம்.

இவர்களைத் தவிர ஆஸ்திரிய வானொலியின் சிம்பொனி இசைக்குழு இருக்கிறது. புதிய படைப்புகளை நிறைய வாசிப்பார்கள். டோன்கூன்ஸ்ட்லர் இசைக்குழு இருக்கிறது. வெளிநாட்டுக் குழுக்களும் சீசன் முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

எந்த மண்டபங்கள்?

இரண்டுதான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சில நிமிடங்களில் நடந்தே போய்விடலாம்.

மூசிக்ஃபெரைன், 1870 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்டது. கட்டியவர் தியோஃபில் ஹான்சன். அதன் பெரிய அரங்குக்குத் தங்க மண்டபம் என்று பெயர். ஏறத்தாழ 49 மீட்டர் நீளம், 19 மீட்டர் அகலம், கிட்டத்தட்ட 18 மீட்டர் உயரம். ஒரு செருப்புப் பெட்டியின் அமைப்பு. அந்தக் குறுகலான அகலமும் உயரமான கூரையும் மரத்தரையும் சேர்ந்துதான் அங்கே ஒலி அப்படி வளர்கிறது. ஒலியியல் என்ற துறை இன்றைய வடிவத்துக்கு வருவதற்கு முன்பே கட்டியது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத்தான்.

மற்றது கோன்சர்ட்ஹவுஸ், 1913-ல் திறந்தது. கூட்டம் கொஞ்சம் இளசாக இருக்கும், நிகழ்ச்சிகளும் பலவிதமாக இருக்கும். ஒரே கட்டடத்துக்குள் பெரிய அரங்கு, மோட்சார்ட் அரங்கு, ஷூபர்ட் அரங்கு என்று பிரிவுகள் உண்டு. டிக்கெட்டில் எந்த அரங்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூசிக்ஃபெரைனுக்குள்ளும் இதே கவனம் தேவை. அங்கே பிராம்ஸ் அரங்கு என்று சின்ன அரங்கு ஒன்று உண்டு, நிலத்தடியில் இன்னும் நான்கு அரங்குகள் உண்டு. தங்க மண்டபம் என்று நினைத்து வாங்கிவிட்டு நிலத்தடிக்கு இறங்கிப் போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

இணையத்தில் எங்கே வாங்குவது? தேடினால் பத்துத் தளங்கள் வருகின்றனவே?

தேடலில் முதலில் வருபவை பெரும்பாலும் விளம்பரம், அல்லது மறுவிற்பனைத் தளம். மண்டபத்தின் பெயரையே பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டு, அதிகாரபூர்வத் தளம் போலவே இருக்கும். அறுபது யூரோ டிக்கெட்டை இருநூறுக்குப் போடுவார்கள்.

தப்பிக்க வழி எளிது. முதலில் இசைக்குழுவின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். அங்கே நிகழ்ச்சி நிரலில் உங்கள் தேதியைத் திறந்தால், டிக்கெட் வாங்கும் பொத்தான் உங்களைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும். அது மூசிக்ஃபெரைனாக இருக்கலாம், கோன்சர்ட்ஹவுஸாக இருக்கலாம், ஃபில்ஹார்மோனிக்கின் சொந்த டிக்கெட் அலுவலகமாக இருக்கலாம். அந்த வழியாகப் போகாமல் வேறு எங்கிருந்து வந்தாலும் சந்தேகப்படுங்கள். இன்னொரு அடையாளம்: அதிகாரபூர்வத் தளத்தில் மண்டபத்தின் வரைபடத்தில் உங்கள் இருக்கையை நீங்களே தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம். ‘பிரிவு ஏ, பிரிவு பி, சிறந்த இருக்கை பிறகு ஒதுக்கப்படும்’ என்று மட்டும் சொல்லிப் பணம் கேட்டால், நான் அங்கே வாங்க மாட்டேன்.

நேரில் வாங்க விரும்பினால் இரண்டு மண்டபங்களிலும் கவுண்டர் உண்டு. ஆங்கிலம் பேசுவார்கள்.

வியன்னா ஃபில்ஹார்மோனிக்குக்கு வெளியாருக்கு டிக்கெட்டே கிடைக்காது என்கிறார்களே?

பாதி உண்மை. சீசனில் இவர்கள் மூசிக்ஃபெரைனில் நடத்தும் முக்கியமான கச்சேரிகள் சந்தா முறையில் நடக்கின்றன. சனிக்கிழமை மதியம் மூன்றரை மணி, ஞாயிறு காலை பதினொரு மணி. அந்த இருக்கைகள் சந்தாதாரர்களுடையவை. புதிதாகச் சந்தா வேண்டும் என்றால் காத்திருப்புப் பட்டியலில் பல வருடம் இருக்க வேண்டும்.

ஆனால் சந்தாதாரரும் மனிதர்தானே? காய்ச்சல் வரும், ஊருக்குப் போவார், பேத்தி கல்யாணம் வரும். அப்போது அந்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படித் திரும்பி வருபவை கச்சேரி நடக்கும் வாரத்தில் இசைக்குழுவின் டிக்கெட் அலுவலகத்தில் விற்பனைக்கு வரும். கெர்ன்ட்னர் ரிங் 12-ல் இருக்கிறது, மூசிக்ஃபெரைனுக்கு மிக அருகில். வாரத் தொடக்கத்திலேயே வியன்னா வந்துவிடுபவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அவர்கள் தளத்தில் முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள்.

சந்தாவுக்கு வெளியேயும் இவர்கள் வாசிக்கிறார்கள், மற்ற அமைப்புகள் நடத்தும் தொடர்களிலும் வாசிக்கிறார்கள். அப்புறம் ஒன்று: ஓபராவுக்குப் போனால் மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் வாசிப்பதும் பெரும்பாலும் இதே கலைஞர்கள்தான்.

நின்று கேட்கும் டிக்கெட் என்கிறார்கள். அது நிஜமாகவே நன்றாக இருக்குமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆமாம், நன்றாக இருக்கும். காசு குறைவாக இருக்கிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளும் இடம் அல்ல அது.

தங்க மண்டபத்தின் தரைத்தளத்தில், கடைசி வரிசை நாற்காலிகளுக்குப் பின்னால், ஏறத்தாழ 300 பேர் நிற்பதற்கு இடம் இருக்கிறது. விலை பொதுவாகப் பத்துப் பதினைந்து யூரோவுக்குள் முடிந்துவிடும். எண் கிடையாது. முதலில் வந்தவருக்கு முன்னிடம். முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. அதன் மேல் கையூன்றி நிற்கும் முதல் வரிசைக்காரர்களுக்கு மேடை முழுசாகத் தெரியும். மூன்றாவது வரிசைக்குப் போனால் இரண்டு தோள்களுக்கு நடுவே நடத்துநரின் கை மட்டும் அவ்வப்போது தெரியும். தரை சரிவில்லாமல் சமமாக இருப்பதால், குள்ளமானவர்களுக்குச் சிரமம்தான். அதனால் கதவு திறக்கும் முன்பே போய் நிற்பது நல்லது. கதவு திறந்ததும் நேராகக் கம்பியை நோக்கிப் போங்கள், தங்கக் கூரையை அப்புறம் அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம்.

அங்கே நிற்பவர்கள் யார் என்று கவனியுங்கள். இசைக் கல்லூரி மாணவர்கள், கையில் இசைக்குறிப்புப் புத்தகத்தோடு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பல காலமாக அதே மூலையில் நிற்கும் பெரியவர்கள். ஒருவர்கூட இரும மாட்டார். ஓசை அடங்கி ஒலிக்கும் ஒரு பகுதியில் முழு மண்டபமும் மூச்சை அடக்குவது முதலில் அந்தப் பின்வரிசையில்தான் தெரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. என்ன வாசிக்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள். ஹைடனின் படைப்பு ஒன்று, பிராம்ஸின் படைப்பு ஒன்று, நடுவில் இடைவேளை என்றால் யாரும் நிற்கலாம். புரூக்னரின் எட்டாவது சிம்பொனி என்றால் இடைவேளை இல்லாமல் எண்பது நிமிடம். மாலரின் மூன்றாவது நூறு நிமிடத்தைத் தொடும். பகல் முழுக்க அரண்மனை சுற்றிய கால்களோடு அதற்குப் போகாதீர்கள்.

உட்கார்ந்து கேட்பதானால் எந்த இருக்கை?

கோன்சர்ட்ஹவுஸில் அதிகம் யோசிக்க வேண்டாம். தங்க மண்டபத்தில்தான் வரைபடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

என் முதல் தேர்வு மேல்மாடத்தின் நடுப்பகுதி. மேடை முழுக்கத் தெரியும், எல்லா வாத்தியங்களும் கலந்து வரும். விலையும் அதற்குத் தக்கபடி இருக்கும். தரைத்தளத்தின் முன்வரிசைகள் விலை அதிகம் என்பதற்காக நல்லவை என்று எண்ண வேண்டாம். மேடை உயரம் என்பதால் வயலின்காரர்களின் காலணிகள் நன்றாகத் தெரியும், பின்னால் இருக்கும் ஊதுகுழல்காரர்கள் தெரியவே மாட்டார்கள். தரைத்தளத்தில் நடுவிலிருந்து பின்னால் தள்ளிப் போங்கள்.

பக்கவாட்டு மாடங்களில் முதல் வரிசை அருமை. அதே மாடத்தின் இரண்டாவது, மூன்றாவது வரிசையில் பாதி மேடை மறைந்துவிடும், எட்டிப் பார்க்கக் கழுத்து வலிக்கும். விலை குறைவாக இருப்பதன் காரணம் அதுதான். கேட்பதற்கு மட்டும் என்றால் பரவாயில்லை. எல்லாவற்றுக்கும் மேலே உள்ள காலரி, ஏறிப் போகக் கால் ஒத்துழைத்தால், கொடுக்கும் காசுக்கு நல்ல பலன்.

இசைக்குழுவுக்குப் பின்னால், ஆர்கன் பக்கம் சில இருக்கைகள் உண்டு. அங்கே உட்கார்ந்தால் நடத்துநரின் முகம் தெரியும். ஒரு புருவத்தைத் தூக்கி ஓபோவை உள்ளே அழைப்பதையும், உதட்டில் விரல் வைக்காமலேயே எண்பது பேரை அடக்குவதையும் பார்க்கலாம். டிம்பனி முரசும் பித்தளை வாத்தியங்களும் காதருகே முழங்கும். பாடகர் இருக்கும் கச்சேரிக்கு மட்டும் அந்த இடம் வேண்டாம், குரல் எதிர்த்திசையில் போய்விடும்.

பொதுவாக, பார்வை மறைக்கும் இடங்கள் இருபது முப்பது யூரோவுக்குள் கிடைக்கும், நல்ல இடங்கள் அறுபதில் தொடங்கி நூறைத் தாண்டும். பெயர் பெற்ற குழுவோ தனிக்கலைஞரோ வந்தால் இன்னும் மேலே போகும்.

டிக்கெட் பக்கத்தில் ஜெர்மன் சொற்கள் வருகின்றன. எவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஷ்டேப்ளாட்ஸ் என்றால் நிற்கும் இடம், சிட்ஸ்ப்ளாட்ஸ் என்றால் இருக்கை. ரைஹே வரிசை, ப்ளாட்ஸ் இடத்தின் எண். லிங்க்ஸ் இடப்பக்கம், ரெஹ்ட்ஸ் வலப்பக்கம். டிக்கெட்டில் இடமா வலமா என்று பார்த்து அதற்குரிய கதவில் நுழையுங்கள், தப்பான பக்கம் ஏறினால் சுற்றிவர வேண்டியிருக்கும். ஆவுஸ்ஃபெர்காவுஃப்ட் என்று போட்டிருந்தால் விற்றுத் தீர்ந்துவிட்டது. ரெஸ்ட்கார்ட்டன் என்றால் மீதமுள்ள டிக்கெட்டுகள்.

எவ்வளவு முன்னால் வாங்க வேண்டும்?

மண்டபங்களின் உறுப்பினர்களுக்கும் சந்தாதாரர்களுக்கும் முதலில், அப்புறம் பொது விற்பனை. பயணத் தேதி முடிவானதும் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, பொது விற்பனை தொடங்கும் நாளைக் குறித்து வையுங்கள். காலை ஒன்பது மணிக்கு விற்பனை என்று வியன்னாவில் போட்டால், கோடையில் இந்திய நேரம் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தில் கோட்டை விடாதீர்கள்.

இந்தியக் கார்டு வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் முன்னாலேயே திறந்து வைக்க வேண்டும். 2020-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடப்பட்டே வருகிறது. வங்கியின் செயலிக்குள் போய் அதையும் இணையப் பரிவர்த்தனையையும் இயக்கிவிடுங்கள். டிக்கெட்டுக்கான நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைத் தேடினால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது. அந்நியச் செலாவணிக் கட்டணமும் கூடும்.

விற்றுத் தீர்ந்துவிட்டது. இனி வழியே இல்லையா?

இருக்கிறது. முதலில், தளத்தைத் தினமும் திறந்து பாருங்கள், திருப்பிக் கொடுத்த இருக்கைகள் ஒன்றிரண்டாக வந்து விழும். இரண்டு சேர்ந்த இருக்கை கிடைக்காது என்றால் தனித்தனியாக வாங்குங்கள். வாசிக்கும்போது எப்படியும் பேசப் போவதில்லை.

அடுத்தது, கச்சேரி அன்று ஒரு மணி நேரம் முன்னதாக வாசலுக்குப் போவது. ஒரு தாளில் ‘சூஹெ கார்ட்டெ’ (Suche Karte) என்று எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். டிக்கெட் தேடுகிறேன் என்று பொருள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இங்கே வழக்கம் அது. துணைக்கு வரவேண்டியவர் வராமல் போன ஒரு பாட்டி அச்சிட்ட விலைக்கே கொடுத்துவிட்டுப் போவார். அதற்கு மேல் ஒரு யூரோ கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிக்கெட்டில் தேதியையும் நேரத்தையும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

டிவியில் வரும் புத்தாண்டுக் கச்சேரிக்கு?

குலுக்கல்தான். ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கின் தளத்தில் பெயர் பதிவு செய்ய வேண்டும். அடுத்த புத்தாண்டுக்கான டிக்கெட் அது. பதிவு செய்ய முந்துவதால் பயனில்லை, மாதத்தின் எந்த நாளில் செய்தாலும் வாய்ப்பு ஒன்றுதான். அதே நிகழ்ச்சியை மூன்று முறை வாசிக்கிறார்கள்: டிசம்பர் 30 காலை, 31 மாலை, ஜனவரி 1 காலை 11.15. ஒளிபரப்பாவது கடைசியில் நடப்பது. அதன் விலை அண்மை ஆண்டுகளில் 35 யூரோவில் தொடங்கி 1,200 யூரோ வரை போயிருக்கிறது. மற்ற இரண்டும் குறைவு. இசை ஒன்றுதான், பதிவு செய்யும்போது அவற்றையும் சேர்த்துக் குறியுங்கள்.

முதல் முறை நடந்தது 1939 டிசம்பர் 31 அன்று, கிளெமன்ஸ் கிராவுஸ் நடத்தினார். நம்மவர்களுக்கு ஒரு சேதி: மும்பையில் பிறந்து, பதினெட்டு வயதில் இங்கே படிக்க வந்த சுபின் மேத்தா, 1990-க்கும் 2015-க்கும் இடையே ஐந்து முறை இந்தக் கச்சேரியை நடத்தியிருக்கிறார்.

குலுக்கலில் விழவில்லை, ஆனால் அந்த வாரம் வியன்னாவில்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால், கோன்சர்ட்ஹவுஸைப் பாருங்கள். வருடம் மாறும் அந்த நாட்களில் வியன்னா சிம்பொனி இசைக்குழு பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை வாசிப்பது வழக்கம். புத்தாண்டுக் கச்சேரியின் வால்ட்ஸ் நடன இசைக்குப் பதிலாக அது கிடைத்தால் நான் குறைப்பட்டுக்கொள்ள மாட்டேன்.

ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு கிடைக்கிறது. அப்போது?

இதுதான் சிக்கல். சீசன் செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடிகிறது. கோடையில் ஃபில்ஹார்மோனிக் சால்ஸ்பர்க் விழாவுக்கும், சிம்பொனி இசைக்குழு பிரெகன்ஸ் விழாவுக்கும் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் வியன்னாவில் விற்பது பெரும்பாலும் விக் வைத்த கச்சேரிகள்தான். முடிந்தால் பயணத்தைக் கொஞ்சம் முன்னுக்கு இழுங்கள். மே கடைசியிலோ ஜூனிலோ ஷோன்புரூன் அரண்மனைத் தோட்டத்தில் ஃபில்ஹார்மோனிக் திறந்தவெளிக் கச்சேரி ஒன்று செய்கிறது. நுழைவு இலவசம், டிக்கெட்டே வேண்டாம். கூட்டம் நெரியும்.

என்ன உடுத்த வேண்டும்?

சுத்தமாக, கொஞ்சம் நல்லதாக. சட்டையும் பேண்டும் போதும், புடவையோ வேட்டியோ கட்டினால் இன்னும் அழகு. குளிர்காலக் கோட்டையும் பெரிய பையையும் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலில் உள்ள காப்பறையில் கொடுத்துவிட வேண்டும். முடிந்ததும் அங்கே வரிசை நீளும், டாக்சிக்குச் சொல்லும்போது அதையும் கணக்கில் வையுங்கள்.

தாமதமானால் விடுவார்களா?

முதல் படைப்பு முடியும் வரை விடமாட்டார்கள். முதல் படைப்பே ஒரு மணி நேரம் என்றால், அவ்வளவுதான்.

எப்போது கைதட்டுவது?

முழு சிம்பொனியும் முடிந்த பிறகு. நடுவில் பெரும்பாலும் மூன்று முறை இசை நிற்கும், அது அசைவுகளுக்கு இடையேயான நிறுத்தம். நடத்துநர் கையை இறக்கித் திரும்பும் வரை பொறுங்கள். சந்தேகம் வந்தால் பக்கத்திலிருப்பவர் தட்டட்டும்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காரும் குழந்தை என்றால் போகலாம். இல்லையென்றால் இரண்டு மண்டபங்களிலும் குழந்தைகளுக்கென்றே தனிக் கச்சேரிகள் நடக்கின்றன, நேரமும் குறைவு, விலையும் குறைவு. மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் சலுகை உண்டு. வயதுச் சான்று கையில் இருக்கட்டும், வாசலில் கேட்பார்கள்.

விசா வரவில்லை, வர முடியவில்லை. பணம் திரும்புமா?

கச்சேரி ரத்தானால் திரும்பும். நீங்கள் வராமல் போனால் திரும்பாது. அதனால் விசா கைக்கு வரும் முன் விலையுயர்ந்த இருக்கை வாங்க வேண்டாம். நிற்கும் டிக்கெட் என்றால் போனால் போகிறது. வாங்கிய பிறகு தடை வந்துவிட்டால், உடனே டிக்கெட் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, மறுபடி விற்பனைக்கு எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.